கம்பு சுத்தலாமா டாக்டர்?

மார்பெலும்பை மேலிருந்து கீழாக நடுக்கோட்டில் அறுக்க, மின்சார ரம்பத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அறுத்த இரு பாதிகளுக்கும் நடுவே ஒரு விரிப்பானைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, இடைவெளி அகலமாகி உள்ளே இதயம் தெரிகிறது. வால்வு வேலை முடிந்த பிறகு எலும்பை மூட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழைகளை எலும்பைச் சுற்றியோ எலும்பின் ஊடாகவோ செலுத்தி, இரு முனைகளையும் இறுக்கி முறுக்கி, மிச்சத்தை வெட்டி, கூரான நுனியை உள்ளே மடித்துவிடுவார்கள். வழக்கமாக ஆறு முதல் எட்டு இழைகள். தொந்தரவு கொடுக்காதவரை அவற்றை யாரும் எடுப்பதில்லை. இருபது வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தாலும் நெஞ்சின் நடுவே வரிசையாக முடிச்சுகள் தெரியும்.

மேலை நாடுகளில் இந்த அறுவைக்கு வருபவர் பெரும்பாலும் வயதானவர். சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன பெருந்தமனி வால்வு அவருடையது. நம் ஊர் இதய வார்டில் படுத்திருப்பவர்களில் இளவட்டங்கள் அதிகம். காரணம் ருமாட்டிக் காய்ச்சல். பள்ளிக்கூட வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வருகிறது. அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள், ஆள் தெரியாமல் சொந்த வால்வையே தாக்குகின்றன. மூட்டு வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். மைட்ரல் வால்வில் விழுந்த தழும்பு வடியாது. வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வரும்போது வயது இருபத்தைந்தோ முப்பதோ.

அப்படி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 28. மாலையில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார். மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்து இரண்டு மாதம் ஆகிறது. மறுபரிசோதனைக்குக் கூட வந்த அம்மா, மகன் வாயைத் திறப்பதற்கு முன்பே, “இனிமே அந்தக் கம்பைத் தொடக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க சார்” என்கிறார். மகன் தலையைக் குனிந்தபடி கேட்கிறார்: “கம்பு சுத்தலாமா டாக்டர்?”

வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் இதற்கு ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். “வேண்டாம்ப்பா” என்பது பத்திரமான பதில். ஆனால் அது சோம்பேறித்தனமான பதிலும்கூட. எலும்பு, ரத்த ஓட்டம், வால்வின் வகை, ரத்தம் உறையும் தன்மை என்று நான்கு தனித்தனிக் கேள்விகள் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மூன்றே மாதத்தில் தீர்ந்துவிடும்; இன்னொன்று சாகும்வரை தீராது.

தீர்ந்துவிடுவது எலும்பு. முதல் ஆறு முதல் எட்டு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்பது பொதுவான அறிவுரை. எடையை மட்டும் பார்த்தால் சிலம்பக்கம்பு ஒன்றுமே இல்லை, ஒரு குடம் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு கனம். ஆனால் எலும்பு பார்ப்பது எடையை அல்ல, இழுப்பின் திசையை. மார்புத் தசைகள் இரண்டும் மார்பெலும்பின் இரு ஓரங்களில்தான் பிடித்திருக்கின்றன. இரண்டு கையும் ஒரே சமயத்தில் உடம்பை ஒட்டி வேலை செய்தால் இழுப்பு ஓரளவு சமமாகும். ஒரு கையை மட்டும் தலைக்கு மேலே வீசிப் பின்னால் கொண்டுபோனால், ஒரு பாதி எலும்பு ஒரு பக்கமும் மறு பாதி இன்னொரு பக்கமும் நழுவப் பார்க்கும். எலும்பு கூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த உரசல்தான் கெடுதல். ஒற்றைக்கம்பு வீச்சு என்பது முழுக்க முழுக்க இந்த அசைவு. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்வதும் இதே காரணத்தால்தான். ஒரு பலமான இருமல், சின்ன எடையைத் தூக்குவதைவிட அதிகமாக அந்த மூட்டை விரிக்கும்.

ஆகவே இரண்டாம் மாதத்தில் கம்பு வேண்டாம் என்பது சரி. மூன்று மாதம் கடந்து, நெஞ்சை அழுத்தும்போது வலியும் ‘கடக்’ சத்தமும் இல்லாமல், எலும்பு கூடிவிட்டது என்று அறுவை மருத்துவரும் சொன்ன பிறகு இந்தத் தடை பெரும்பாலும் விலகிவிடும். சர்க்கரை நோய் இருப்பவருக்கும் புகைபிடிப்பவருக்கும் இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கலாம். அதுவரை காலடிப் பாடத்துக்கு யாரும் தடை போடவில்லை. நடை நன்றாகத் தேறியதும் கம்பில்லாமல், நிதானமாக, ‘வீடு கட்டுதல்’ என்ற சிலம்ப அடவு வரிசையை ஆடிப் பார்க்கலாம்.

அடுத்தது ஓட்டம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. கடும் பயிற்சியில் இது 15, 20 லிட்டர் ஆகும். எந்தச் செயற்கை வால்வும் ஆரோக்கியமான சொந்த வால்வு அளவுக்குத் திறப்பதில்லை. சட்டமும் தையல் வளையமும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு திறப்பின் வழியாகப் போகும் ஓட்டம் இரண்டு மடங்கானால், அதைத் தள்ளத் தேவையான அழுத்த வித்தியாசம் நான்கு மடங்காகும். இது எளிய இயற்பியல். அதனால்தான் படுத்த நிலையில் எடுத்த எக்கோவில் “வால்வு நன்றாக வேலை செய்கிறது” என்று வந்தவருக்கும் பத்து நிமிடம் வேகமாகக் கம்பு வீசியதும் மூச்சு முட்டலாம். சண்டைப் பயிற்சிக்குத் திரும்ப நினைப்பவருக்குப் படுத்த எக்கோ போதாது. டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் எல்லை எங்கே என்று தெரியும். வீட்டில் அந்த எல்லையைத் தெரிந்துகொள்ள பேச்சுச் சோதனையே போதும்: பயிற்சியின் நடுவே வாக்கியமாகப் பேச வந்தால் சரி, வார்த்தை வார்த்தையாக உடைந்தால் வேகம் கூடிவிட்டது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பைவிட இது நம்பகமானது.

ஓட்டத்தோடு சேர்த்து அழுத்தத்தையும் சொல்ல வேண்டும். 1985இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே அளவுகருவியைச் செருகி, எடை தள்ளும்போது ரத்த அழுத்தம் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். இரு கால்களாலும் தள்ளும்போது சராசரி 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. நம் வீட்டுப் பெரியவர் 160 வந்தாலே பதறுகிறார்! இந்த ஏற்றத்துக்குப் பெரும் காரணம் தம் கட்டுவது. மூச்சை உள்ளே பூட்டி, வயிற்றை இறுக்கி, முக்கித் தள்ளும் அந்தக் கணத்தில் நெஞ்சுக்குள் அழுத்தம் எகிறுகிறது. மல்யுத்தப் பிடியில், பூட்டுப் போட்டு அதிலிருந்து திமிறும்போது, தாழ்ந்த நிலையில் நெடுநேரம் நிற்கும்போது தம் தானாகவே கட்டிக்கொள்ளும். கராத்தேயில் குத்தோடு சேர்த்துக் கத்தச் சொல்வது வெறும் மிரட்டலுக்காக மட்டுமல்ல. கத்தும்போது தொண்டை திறந்து மூச்சு வெளியேறிவிடுகிறது. வால்வு அறுவை முடித்தவருக்கு இந்தப் பழக்கம் நல்லது.

இதில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குப் பெருந்தமனி வால்வு பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு இருக்கும். இவர்களில் பலருக்கு வால்வோடு பெருந்தமனிச் சுவரும் பலவீனம், விரிந்துகொண்டே போகும். வால்வை மாற்றிவிட்டதாலேயே சுவர் பலப்பட்டுவிடாது. இவர்களுக்குத் தம் கட்டும் கலைகள் அடிபடாமலே ஆபத்து தரும்.

இனி வால்வு. நெஞ்சில் ஒரு உதை விழுந்தால் உள்ளே இருக்கும் வால்வு உடைந்துவிடாதா என்பதுதான் வீட்டார் முதலில் பயப்படும் விஷயம். இந்தப் பயம் பெரும்பாலும் இடம் தவறிய பயம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல்முறை மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வையே எடுத்துக்கொள்வோம். முதல் மாதிரிகள் தேறவில்லை. கடைசியில் தேறியது கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகக் கூடும், அதற்குள் சாய்ந்து சாய்ந்து திறக்கும் உறுதியான பாலிஎத்திலீன் தட்டும் கொண்ட வடிவம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை, ஆண்டுக்கு மூன்றரைக் கோடி தடவைக்கு மேல் அது திறந்து மூடுகிறது. இத்தனையையும் தாங்கும் பொருள் ஒரு கம்படியில் உடைவது அரிதிலும் அரிது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த வால்வோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

உலோக வால்வோடு வாழ்பவர்களுக்குச் சத்தம் பழகிவிடும். இரவில் விளக்கணைத்த பிறகு மனைவிக்குக்கூடக் கேட்கும் ‘டிக், டிக்’. அந்தச் சத்தம் ஒரு நாள் மங்கினாலோ, கேட்காமல் போனாலோ, கூடவே மூச்சும் திணறினால், காலை விடியக் காத்திருக்கக் கூடாது. தட்டில் ரத்தம் உறைந்து அதை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்த உறைவைத் தடுக்கத்தான் மாத்திரை. வால்வு வைத்தவரின் சண்டைப் பயிற்சியைத் தீர்மானிப்பது வால்வு அல்ல, அந்த மாத்திரை.

1933இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்துப்போன பசுவின் ரத்தத்தைப் பால் கேனில் பிடித்துக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்தார். கேனில் இருந்த ரத்தம் உறையவே இல்லை. மாடுகள் தின்றது பூஞ்சணம் பிடித்த ஒருவகை உலர்தீவனம். அதிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்து, அதன் உறவுக்காரப் பொருள்களைத் தயாரித்ததில் வந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. நம் மருந்துக் கடைகளில் அதிகம் விற்கும் அசிட்ரோம் இதன் நெருங்கிய சொந்தம். புதிய தலைமுறை மாத்திரைகள் இதை ஓரங்கட்டிவிடும் என்று நம்பினார்கள். உலோக வால்வுக்காரர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு 2012இல் பாதியில் நிறுத்தப்பட்டது. உறைவும் கூடியது, ரத்தக் கசிவும் கூடியது. ஆகவே பழைய மாத்திரைதான், ஆயுள் முழுக்க.

அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. மருந்து சாப்பிடாத ஒருவருக்கு இந்த எண் 1 அளவில் இருக்கும். மைட்ரல் உலோக வால்வுக்காரருக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவே நிறுத்தப் பார்ப்பார்கள். பெருந்தமனி வால்வு என்றால் பொதுவாகக் கொஞ்சம் குறைவு. அதாவது நம் சிலம்ப வாத்தியாரின் ரத்தம் எப்போதும் தாமதமாகத்தான் உறையும். முருங்கைக்கீரையை ஒரு வாரம் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் எண் இறங்கும். உடம்பு வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் கசிவு ஆபத்து ஏறும். பயிற்சி முடித்த இரவில் வலி மாத்திரை என்பது பல களங்களில் சகஜம். இவர் அதை அடியோடு விட வேண்டும். முழங்கையில், தொடையில் விழும் அடி மற்றவருக்கு நாலு நாள் கன்றிப்போயிருக்கும். இவருக்குத் தசைக்குள்ளேயே ரத்தம் சேர்ந்து கால் கல்லாய் இறுகலாம். தோல் மீது தெரியும் காயத்தை அழுத்திப் பிடிக்கலாம். தெரியாத காயம்தான் பிரச்சினை.

அதிலும் தலை. மூளையின் மேற்பரப்பிலிருந்து மண்டையோட்டின் உறைக்குப் போகும் மெல்லிய சிரைகள், தலை சட்டென்று திரும்பி நிற்கும்போது இழுபட்டுக் கிழியலாம். மண்டை உடைய வேண்டியதில்லை, ரத்தம் சிந்த வேண்டியதில்லை. மற்றவருக்குச் சொட்டாக நின்றுவிடும் கசிவு, இவருக்கு மணிக்கணக்கில் நாள்கணக்கில் தொடரும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, “ஒண்ணுமில்ல” என்று வீட்டுக்குப் போய்ப் படுத்து, மறுநாள் வாய் குழறும்போதுதான் தெரியும். உலோக வால்வு வைத்தவருக்குத் தலையில் கம்பு பட்டால், ஆள் தெளிவாகப் பேசினாலும் அன்றே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். இதில் வீரம் காட்ட இடமில்லை.

போட்டிக்கு நாலு நாள் முன்னால் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன? இந்த யோசனை வராத இளைஞர் இல்லை. நிறுத்தினால் அடியிலிருந்து தப்பலாம். வால்வில் உறைந்த கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவதிலிருந்து தப்ப முடியாது. அறுவை சிகிச்சைக்காக நிறுத்தும்போதே மருத்துவர்கள் மைட்ரல் உலோக வால்வுக்காரருக்கு இடையில் ஹெப்பாரின் ஊசி போட்டு ஈடுகட்டுகிறார்கள். கோப்பைக்காக நிறுத்துவது கிறுக்குத்தனம்.

அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளில் இறங்க வேண்டாம் என்கிறது. 2025இல் வந்த புதிய அறிக்கை, மேலிருந்து தடை போடுவதைவிட நோயாளியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதன் பக்கம் சாய்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் எவ்வளவு பேசினாலும் மூளைச் சிரையின் மென்மை மாறாது.

வர்மத்தைப் பற்றிக் கேட்பார்கள், குறிப்பாகக் குமரி மாவட்டத்துக்காரர்கள். படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று ஆசான்கள் எண்ணும் இடங்கள் எல்லாவற்றையும் உடற்கூறு நூல் ஒப்புக்கொண்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெஞ்சில் குறிப்பிட்ட ஒரு நொடியில் விழும் சாதாரண அடி ஆளைச் சாய்க்கும் என்பது கட்டுக்கதை அல்ல. 1998இல் பாஸ்டனில் மார்க் லிங்க் குழுவினர் மயக்க நிலையிலுள்ள இளம் பன்றிகளின் நெஞ்சில் பேஸ்பால் வேகத்தில் அடித்துப் பார்த்தார்கள். இ.சி.ஜி.யின் ‘டி’ அலை உச்சிக்கு 15 முதல் 30 மில்லிநொடி முன்பு அடி விழுந்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கியது. இது வால்வுக்காரருக்கு மட்டுமான ஆபத்து அல்ல. இளகிய நெஞ்சுக்கூடு உள்ள சிறுவர்களுக்குத்தான் அதிகம். வாத்தியாரின் பயம் தன்னைப் பற்றி மட்டுமல்லாமல் தன் மாணவர்களைப் பற்றியும் இருக்க வேண்டிய இடம் இது.

அடி இல்லாமலும் வரும் ஆபத்து கிருமி. செயற்கை வால்வில் கிருமி ஒட்டிக்கொண்டால் அகற்றுவது கடினம், உயிருக்கே ஆபத்து. மல்யுத்தப் பாயிலும் கோதா மண்ணிலும் சிராய்ப்பும் கொப்புளமும் சாதாரணம். உடைந்த பல், ஆடும் பல், ஈறில் ரத்தம் எல்லாம் கிருமிக்கு வாசல். பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பலருக்குச் சொல்லப்படுகிறது. சொல்லப்படாதது வேறொன்று: நாலைந்து நாள் விடாத காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளும் நம் பழக்கத்தின் ஆபத்து. அரைகுறையாகப் போட்ட மருந்து, ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையில் எதையும் காட்டாமல் செய்துவிடும். வால்வு வைத்தவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் மாத்திரை.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு ஆதங்கம் மிஞ்சுகிறது. நம் வாத்தியார் கேட்ட கேள்வியைச் சிகிச்சைக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டும். அப்போது தேர்வுகள் இருந்தன. வால்வை மாற்றாமல் பழுது பார்க்க முடிந்தால் நீண்டகால மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ருமாட்டிக் தழும்பேறிய வால்வில் அது எப்போதும் கைகூடாது என்பதும் உண்மை. மாட்டின் இதய உறையிலோ பன்றி வால்விலோ செய்த திசு வால்வு என்றால், வேறு காரணம் இல்லாதவரை, சில மாதங்களில் மாத்திரை நிற்கும். குழந்தை பெற விரும்பும் பெண்களுக்கு, வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதால், பலமுறை மருத்துவர்கள் இதைத்தான் யோசிக்கிறார்கள். விலை என்ன? இளம் உடலில் திசு வால்வில் சுண்ணாம்பு சீக்கிரம் படியும். பத்து, பதினைந்து வருடத்தில், சிலசமயம் அதற்கும் முன்னால், மறுபடி அறுவை.

பெருந்தமனி வால்வு பழுதானவருக்கு இன்னொரு வழியும் உண்டு. நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகருக்கு 1997இல் செய்தது ராஸ் அறுவை. டொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் 1967இல் லண்டனில் தொடங்கிய முறை அது: நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வை எடுத்துப் பெருந்தமனியில் வைத்து, காலியான இடத்தில் தானமாகக் கிடைத்த வால்வை வைப்பது. உலோக வால்வுக்காரருக்குரிய மாத்திரைக் கட்டு இல்லாமல் அவர் அதன் பிறகும் அடிதடிப் படங்களில் நடித்தார், கலிஃபோர்னியாவின் ஆளுநரும் ஆனார். 2018இல் நுரையீரல் தமனி வால்வையும் 2020இல் பெருந்தமனி வால்வையும் மறுபடி மாற்றிக்கொண்டார். இருபது வருடத்தை வாங்கிக்கொண்டு, பின்னால் இரண்டு அறுவையாகக் கொடுத்தார். அது லாபமா நட்டமா என்பதை அவரவர் சொல்ல வேண்டும். போர்ச் சிலம்பம்தான் பிழைப்பு, அதுதான் மூச்சு என்கிறவர் ஒரு விடை சொல்வார். இரண்டாவது அறுவைக்குப் பணம் எங்கே என்று கேட்கும் குடும்பம் இன்னொரு விடை சொல்லும். எக்கோ அறிக்கையில் சிலம்பம் தெரியாது. நோயாளி வாயைத் திறந்து சொன்னால்தான் அது கணக்கில் ஏறும்.

உலோக வால்வு ஏற்கெனவே உள்ளே இருக்கும் நம் வாத்தியாருக்கு என் பதில் இது. எலும்பு கூடியதும் அலங்காரச் சிலம்பம் ஆடலாம், பாடம் நடத்தலாம், தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம், பேச்சு உடையாத வேகத்தில். எதிரே ஆளை நிறுத்தி அடிக்கும் போர்ச் சிலம்பமும் தொடுமுறைப் போட்டியும் வேண்டாம். தலைக்கவசம் போட்டுக்கொள்கிறேன் என்றாலும் வேண்டாம். கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், தலைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. சுருள்வாளை இன்னொருவர் கையில் பார்த்து ரசிக்கலாம். மாணவர்களோடு எதிர்க்கம்பு பிடித்துக் காட்ட வேண்டியிருந்தால், அதற்கு மூத்த மாணவரை நிறுத்த வேண்டும்.

களத்தில் கூட நிற்பவர்களில் ஒருவருக்காவது அவர் மாத்திரை சாப்பிடுபவர் என்று தெரிந்திருக்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு அட்டை: எந்த வால்வு, எந்த இடத்தில், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு, எந்தத் தேதியில். அவர் பேச முடியாத நிலையில் வந்து சேர்ந்தால், ரத்தம் உறைய வைக்கும் மருந்து தேவையா என்று முடிவெடுக்க, அவசரப் பிரிவில் இருப்பவருக்கு அந்த அட்டைதான் முதல் தடயம்.